கார்த்திகை எந்த ராசி?

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் மகள் ஆவணி மாதத்தின் முதல் வாரத்தில், தேய்பிறை அட்டமியன்று பிறந்தவள். நட்சத்திரம் கார்த்திகை. எங்கள் குடும்பச் சோதிடர் வாக்கியப் பஞ்சாங்கப்படி எழுதிக்கொடுத்த ஜாதகத்தில் முதல் பாதம், மேஷ ராசி என்று இருக்கிறது. இப்போது வரன் வீட்டார் திருக்கணிதப்படி கணினியில் கணித்து, இரண்டாம் பாதம், ரிஷப ராசி என்கிறார்கள். மீனத்தில் சனி இருப்பதால் ஏழரை தொடங்கிவிட்டது என்கிறார் ஒருவர். பதினொன்றாமிடத்துச் சனி, யோக காலம் என்கிறார் மற்றவர். மகளோ கைபேசிச் செயலியைக் காட்டி, "நான் சிம்ம ராசி" என்கிறாள். இதற்கிடையில் நண்பர் ஒருவர், "ராசி என்பதே கிரேக்கரிடம் வாங்கியது, நட்சத்திரம் மட்டும்தான் நம்முடையது, ராசியை விட்டுவிடு" என்கிறார். ஒரே நட்சத்திரம் எப்படி இரண்டு ராசிகளில் இருக்க முடியும்? யார் சொல்வதை நான் ஏற்பது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், மயிலாடுதுறை)

அன்புள்ள ஐயா,

ஒரே நட்சத்திரம் இரண்டு ராசிகளில் எப்படி இருக்க முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன். மற்றக் குழப்பங்களுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

நிலவு வானத்தை ஒருமுறை சுற்றிவர 27 நாட்களும் எட்டு மணிக்குச் சற்றுக் குறைவான நேரமும் எடுத்துக்கொள்கிறது. இரவுக்கு ஒரு விண்மீன் கூட்டத்தின் அருகே நிலவு தங்குவதாகக் கொண்டு, வானவட்டத்தின் 360 பாகைகளை 27 சமக் கூறுகளாக்கினார்கள். ஒரு கூறு 13 பாகை 20 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை); அதுவே நட்சத்திரம். சூரியன் அதே வட்டத்தைச் சுற்றிவர ஓராண்டு ஆகிறது. அந்த ஆண்டைப் பன்னிரண்டு மாதங்களாக்கி, மாதத்துக்கு 30 பாகை என்று வகுத்தால் ராசி கிடைக்கிறது. ஒரே நீளத் துணியை ஒருவர் முழம் போட்டும் மற்றொருவர் கஜக்கோல் வைத்தும் அளந்து குறியிட்டால், இருவருடைய குறிகளும் எல்லா இடங்களிலும் ஒன்றன்மேல் ஒன்று விழுமா? பன்னிரண்டால் இருபத்தேழு மீதமின்றி வகுபடாது. ஒரு ராசிக்கு இரண்டே கால் நட்சத்திரம் வருகிறது. அந்தக் கால் பங்குக்காகத்தான் நட்சத்திரத்தை நான்கு பாதங்களாக வெட்ட வேண்டியதாயிற்று. 27 நட்சத்திரங்களுக்கு 108 பாதங்கள், ஒரு பாதம் 3 பாகை 20 கலை, ஒரு ராசிக்கு ஒன்பது பாதங்கள் என்று கணக்கு நேராகிவிடுகிறது. ஜாதகத்தில் ராசிக் கட்டத்தை அடுத்து எழுதப்படும் நவாம்சக் கட்டம் இந்தப் பாதக் கணக்கின் மறுவடிவமே.

இப்படி அடுக்கும்போது பதினெட்டு நட்சத்திரங்கள் முழுமையாக ஒரு ராசிக்குள் அடங்கிவிடுகின்றன. ஒன்பது மட்டும் உடைபடுகின்றன. கார்த்திகை, உத்திரம், உத்திராடம் ஆகியவற்றின் முதல் பாதம் ஒரு ராசியிலும் எஞ்சிய மூன்று அடுத்த ராசியிலும் விழும். மிருகசீரிடம், சித்திரை, அவிட்டம் ஆகியவை சரிபாதியாகப் பிரியும். புனர்பூசம், விசாகம், பூரட்டாதி ஆகியவற்றில் மூன்று பாதங்கள் முந்திய ராசியிலும் கடைசிப் பாதம் அடுத்ததிலும் இருக்கும். இவற்றைத் தலையற்றவை, உடலற்றவை, காலற்றவை என்று பெயரிட்டு, முகூர்த்தம் குறிக்கும்போது ஒதுக்குகிறவர்கள் உண்டு. வேடிக்கை என்னவென்றால், இரண்டு அளவுகளின் எல்லைகளும் துல்லியமாக ஒன்றுசேர்கிற இடங்கள் வட்டத்தில் மூன்றே மூன்று: ரேவதி முடிந்து அசுவினி தொடங்குமிடம், ஆயில்யம் முடிந்து மகம் தொடங்குமிடம், கேட்டை முடிந்து மூலம் தொடங்குமிடம். அந்த மூன்றையும் கண்டாந்தம் என்று சொல்லி அஞ்சுகிறார்கள். ஆயில்யத்துப் பெண்ணையும் மூலத்துப் பெண்ணையும் மாமியார், மாமனார் பெயரைச் சொல்லித் தட்டிக்கழிக்கும் வழக்கத்தைத் தாங்களும் அறிவீர்கள். எல்லைகள் சேராத இடத்தில் ஒரு குறை, சேர்ந்த இடத்தில் இன்னொரு குறை என்றால், பெண் பிறப்பதற்கு மீதமிருக்கும் இடம் எது என்று கேட்கத் தோன்றுகிறது.

தங்கள் மகளின் கார்த்திகை, மேஷத்தின் 26 பாகை 40 கலையில் தொடங்கி ரிஷபத்தின் 10 பாகையில் முடிகிறது. இது கணக்கின் கூறு. கண்ணுக்குத் தெரியும் கார்த்திகை, அதாவது அறுமீன் என்று நம் முன்னோர் சொன்ன சிறு கொத்து, இன்று வழக்கிலிருக்கும் திருக்கணித அளவின்படி (இன்றைய வானியல் கணக்கைப் பின்பற்றும் முறை அது) ரிஷபத்தின் 6 பாகையை ஒட்டி, மூன்றாம் பாதத்தில் நிற்கிறது. முதல் பாதம் என்று நாம் சொல்லும் மேஷப் பகுதியில் அந்தக் கொத்தின் ஒரு மீன்கூட இல்லை. விண்மீனின் பெயரைச் சமக்கூறு ஒன்றுக்குச் சூட்டியிருக்கிறோம், அவ்வளவே. மேஷமும் ரிஷபமும் பிரிகிற இடத்தில் வானத்தில் கோடோ இடைவெளியோ கிடையாது.

இனித் தங்கள் நண்பர் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்ன செய்தியில் பெரும்பகுதி சரி. அதிலிருந்து அவர் எடுத்த முடிவு சரியன்று. நட்சத்திரக் கணக்கு வேத காலத்திலேயே இருந்தது. அதர்வ வேதமும் தைத்திரீய சங்கிதையும் தரும் பட்டியல்கள் கார்த்திகையில் தொடங்குகின்றன; அபிஜித்தையும் சேர்த்து இருபத்தெட்டு என்று எண்ணிய மரபும் உண்டு. லகதரின் பெயரால் வழங்கும் வேதாங்க சோதிடத்தில் நட்சத்திரங்கள் உண்டு, ராசிகள் இல்லை. வட்டத்தைப் பன்னிரண்டு சமக் கூறுகளாக்கியவர்கள் பாபிலோனியர்கள்; கி.மு. ஐந்தாம் நூற்றாண்டளவில் அந்த முறை அங்கே நிலைபெற்றுவிட்டது. அது கிரேக்கர் வழியாக, லக்னம் (பிறந்த வேளையில் கிழக்கே எழும் ராசி), பாவம் (அதிலிருந்து எண்ணும் வீடு) என்ற ஜாதக முறைகளோடு சேர்ந்து, கி.பி. முதல் சில நூற்றாண்டுகளில் இந்தியாவுக்கு வந்தது. சோதிட நூலாசிரியர் வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டில் இதை மறைக்க முயலவில்லை. மேஷத்துக்குக் கிரிய, ரிஷபத்துக்குத் தாவுரி, சிம்மத்துக்கு லேய என்று கிரேக்கப் பெயர்களை அப்படியே தம் பிருகத் ஜாதகத்தில் எழுதிவைத்தார். யவனர்கள், அதாவது கிரேக்கர்கள், மிலேச்சர்களே ஆனாலும் இந்தச் சாத்திரம் அவர்களிடம் நன்கு நிலைபெற்றிருப்பதால் ரிஷிகளைப் போல மதிக்கப்படுகிறார்கள் என்று அவருடைய பிருகத் சங்கிதை சொல்கிறது. அவருக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு?

வந்ததை வந்தபடியே வைத்துக்கொள்ளவில்லை என்பதைத்தான் உங்கள் நண்பர் கவனிக்கத் தவறுகிறார். பன்னிரண்டையும் இருபத்தேழையும் 108 பாதங்களில் பொருத்திய வேலை இந்திய மண்ணில் நடந்தது. நடுக்காலத்து அரபுச் சோதிடர்கள் நவாம்சப் பகுப்பை இந்தியரிடமிருந்துதான் பெற்றார்கள். ஒரு ராசிக்கு எத்தனை பாதம் என்ற கணக்கிலேயே நட்சத்திரம் ஊறிக்கிடக்கும்போது, ராசியை மட்டும் பிய்த்துத் திருப்பிக் கொடுப்பது எப்படி?

தமிழில் இந்தப் பொருத்தம் எவ்வளவு பழையது என்பதற்குச் சங்கப் பாட்டுகளே சான்று. ஆனால் எல்லாப் பாட்டுகளும் ஒரே நிலையைக் காட்டவில்லை. அகநானூற்றின் 141-ஆம் பாட்டில், முழுநிலவு அறுமீனைச் சேர்கிற நள்ளிரவில் தெருவெங்கும் விளக்கேற்றி விழாக் கொண்டாடுகிறார்கள். அங்கே ராசியின் பேச்சே இல்லை, வானைப் பார்த்த கண் மட்டுமே இருக்கிறது. நெடுநல்வாடையிலோ, பாண்டிமாதேவியின் கட்டிலுக்கு மேலே இருக்கும் மேற்கட்டியில், ஆடு தலையாகத் திரியும் மண்டிலத்தில் திங்களை விட்டுப் பிரியாத உரோகிணி ஓவியமாக இருக்கிறாள். மேஷத்தை முதலாகக் கொண்ட ராசி வட்டமும் நட்சத்திரமும் அங்கே ஒரே ஓவியத்தில் கலந்துவிட்டன. பரிபாடலின் 11-ஆம் பாட்டு இன்னும் வெளிப்படையானது. மூவொன்பது இருக்கைகள் என்று 27 நட்சத்திரங்களைச் சொல்லிவிட்டு, வெள்ளி ஏற்றிலும் (ரிஷபம்) செவ்வாய் வருடையிலும் (மேஷம்) புதன் மிதுனத்திலும் நின்றதை அடுக்குகிறது.

தங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான சான்று புறநானூற்றின் 229-ஆம் பாட்டில் இருக்கிறது. சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்தபோது கூடலூர் கிழார் பாடியது. பங்குனி மாதத்து நள்ளிரவில் வானிலிருந்து மீன் ஒன்று எரிந்து விழுந்ததைக் கண்டு, அரசனுக்கு நோயின்றி இருக்க வேண்டுமே என்று புலவர்கள் அஞ்சினார்கள். ஏழாம் நாளில் அவன் இறந்தான். அந்த இரவை "ஆடு இயல் அழற் குட்டத்து" என்று தொடங்குகிறார் புலவர். பழைய உரைகாரர் ஆடு என்பதற்கு மேட ராசி என்றும் அழல் என்பதற்குக் கார்த்திகை என்றும் கொண்டு, மேடத்தைப் பொருந்திய கார்த்திகையின் முதற்கால் என்று பொருள் எழுதியிருக்கிறார். உத்திரம் உச்சியிலிருந்து சாய, அதற்கு எட்டாவதான மூலம் எழ, முன்சென்ற எட்டாவதான மிருகசீரிடம் மறைய என்று மேலும் மூன்று மீன்களை வைத்து அந்த வேளையை உறுதிசெய்கிறார். உரையை ஏற்றால், கார்த்திகையின் முதல் பாதம் மேஷத்தைச் சேர்ந்தது என்ற பாகுபாடு அந்தப் பாட்டிலேயே வந்துவிட்டது என்று ஆகும். தங்கள் வீட்டில் இப்போது நடக்கும் வழக்கின் எல்லைக்கல் அது.

நம் மாதங்களையும் சற்று நினைத்துப் பாருங்கள். சூரியன் மேஷத்தில் நுழையும் நாளில் சித்திரை பிறக்கிறது. அது ராசிக் கணக்கு. மாதத்தின் பெயரோ, முழுநிலவு சித்திரை நட்சத்திரத்தை ஒட்டி வருவதால் வந்தது. கேரளத்தார் அதே மாதத்தை மேடம் என்றும் அடுத்ததை இடவம் என்றும் ராசியின் பெயராலேயே அழைக்கிறார்கள். நாம் மாதத்தை ராசியால் அளந்துவிட்டு நட்சத்திரத்தால் அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டு பஞ்சாங்கங்கள் ஏன் இருவேறு பாதங்களைத் தருகின்றன என்பதற்கு, தங்கள் கடிதத்திலேயே ஒரு துப்பு இருந்தது: தேய்பிறை அட்டமி. வாக்கிய முறையில் நிலவின் அன்றாட இடம் 248 நாட்களுக்கு 248 சிறு சொற்றொடர்களாக மனப்பாடம் செய்யப்பட்டிருந்தது. வரருசியின் பெயரால் வழங்கும் அந்த வாக்கியங்களில் எழுத்துகளே எண்கள். நிலவு பூமிக்கு மிக நெருங்கி வரும் நிலையிலிருந்து மீண்டும் அதே நிலைக்கு வருவதற்கு ஏறத்தாழ 27.55 நாட்கள் ஆகின்றன. அதன் ஒன்பது சுற்றுகள் 248 நாட்களோடு அநேகமாக ஒத்துப்போகின்றன. ஜான் வாரன் 1825-இல் சென்னையில் வெளியிட்ட கால சங்கலிதம் என்ற நூலில், தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கர் ஒருவர் ஏடோ எழுதுகோலோ இன்றி, தரையில் சோழிகளை வைத்து நகர்த்தியே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதைப் பதிந்திருக்கிறார். எளிதில் ஏளனம் செய்யக்கூடிய முறையன்று அது.

ஆனால் அது கிரகணத்தை நோக்கித் தீட்டப்பட்ட கணக்கு. கிரகணம் அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மட்டுமே நிகழும். ஆதலால் அவ்விரண்டு நாட்களில் வாக்கிய நிலவு உண்மை நிலவோடு நன்றாகப் பொருந்தும். அரைநிலவு நாட்களில் சூரியனின் ஈர்ப்பு நிலவின் ஓட்டத்தில் உண்டாக்கும் மாற்றங்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை. அட்டமியை ஒட்டி வேறுபாடு இரண்டு பாகைக்கு மேலும் போகலாம். நிலவு ஒரு மணி நேரத்தில் சுமார் அரைப் பாகை நகரும். எனவே நான்கைந்து மணி நேரம் முன்பின் ஆகிவிடும். ஒரு பாதத்தைக் கடக்க நிலவுக்கு ஆறு மணி நேரமே போதும். அட்டமியில், அதுவும் உடைபட்ட நட்சத்திரம் ஒன்றின் எல்லையருகே, பிறந்த குழந்தைக்கு இரு பஞ்சாங்கங்களும் இரு ராசிகள் சொல்வதில் வியப்பு எதுவும் இல்லை. குடும்பச் சோதிடரும் தவறு செய்யவில்லை, வரன் வீட்டாரும் தவறு செய்யவில்லை.

நிலவு அந்த நேரத்தில் எங்கே இருந்தது என்று மட்டும் கேட்டால், என் விடை திருக்கணிதம் என்பதே. தொலைநோக்கியில் பார்த்தால் அங்கேதான் தெரியும். ஆனால் மேஷம் எங்கே முடிகிறது என்பதைத் தொலைநோக்கி சொல்லாது. அது நாம் வகுத்துக்கொண்ட தொடக்கப் புள்ளியைப் பொறுத்தது. 1952-இல் மேகநாத் சாகா தலைமையில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் வழியாக நிலைபெற்ற லகிரி அயனாம்சத்தையே (அந்தத் தொடக்கப் புள்ளியைக் குறிக்கும் அளவு அயனாம்சம்) பெரும்பாலான கணினி நிரல்கள் பயன்படுத்துகின்றன. சோதிடர் பி.வி. ராமன் கையாண்ட அயனாம்சம் அதைவிட ஏறத்தாழ ஒன்றரைப் பாகை குறைவு. இதனாலேயே நிலவின் மூன்று மணி நேர ஓட்டத்துக்கு நிகரான வேறுபாடு வந்துவிடும். வரன் வீட்டார் எந்த அயனாம்சத்தைத் தேர்ந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பலருக்கு அப்படி ஒரு தேர்வு இருப்பதே தெரியாது.

மகளின் சிம்ம ராசிக்கு விளக்கம் எளிது. செயலி சொல்வது சூரியன் இருந்த ராசி; நாம் ராசி என்று சொல்வது நிலவு இருந்த ராசி. மேலை முறையில் ராசி வட்டம் வசந்த காலச் சம இரவுப் புள்ளியிலிருந்து தொடங்குகிறது. நம் வட்டம் விண்மீன்களை ஒட்டி நிற்கிறது. அந்தப் புள்ளி ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் பின்வாங்குவதால், இரண்டுக்குமிடையே இன்று சுமார் 24 பாகை இடைவெளி விழுந்துவிட்டது. எனவே ஒவ்வொரு ராசியிலும் ஐந்தாறு நாட்கள் மட்டுமே இரு முறைகளும் சூரியனுக்கு ஒரே பெயரைச் சொல்லும். ஆவணி முதல் வாரம் அப்படிப்பட்ட நாட்களில் ஒன்று. ஆவணியில் சூரியன் நம் கணக்கிலும் சிம்மத்தில்தான் இருக்கிறது. ஆகவே செயலி தற்செயலாக நம்மோடு ஒத்துப்போயிருக்கிறது.

இந்த நகர்வை நம் முன்னோர் கவனிக்காமல் இல்லை. வேதாங்க சோதிடத்தில் உத்தராயணம் அவிட்டத்தின் தொடக்கத்தில் நிகழ்ந்தது. முன்னாளில் அப்படி இருந்திருக்க வேண்டும், இப்போது மகரத்தின் தொடக்கத்தில் நிகழ்கிறது என்று வராகமிகிரர் எழுதினார். இன்று டிசம்பர் 21, 22-இல் சூரியன் வடக்கே திரும்பும்போது அது நிற்பது தனுசில், மூல நட்சத்திரத்தில். நாம் தை முதல் நாளையே உத்தராயணம் என்று கொண்டாடிவருகிறோம்.

ஏழரைச் சனிக்கு வருகிறேன். சனி ஒரு ராசியைக் கடக்க ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் ஆகும். கோசாரப் பலன், அதாவது கிரகங்கள் இப்போது நிற்கும் இடத்தை வைத்துச் சொல்லும் பலன், முழுவதும் ஜன்ம ராசியிலிருந்து (பிறந்தபோது நிலவு இருந்த ராசி) எண்ணப்படுவதால், மேஷத்துக்குப் பன்னிரண்டாமிடமான மீனம் ரிஷபத்துக்குப் பதினொன்றாகிவிடுகிறது. சில கலைகளின் வேறுபாட்டில் ஒரே பெண்ணுக்கு விரயமும் லாபமும் இடம் மாறுகின்றன. பெயர்ச்சி நாளிலேயே பஞ்சாங்கங்கள் ஒத்துப்போவதில்லை. சனி கும்பத்துக்கு வந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17-இல், வாக்கியப்படி 2023 டிசம்பர் 20-இல். திருநள்ளாற்றில் விழா நடந்தது பின்னதன்படி. பலன் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நம்பிக்கை உள்ளவர்கூட, பதினொரு மாத வேறுபாட்டையும் ஒரு பாத வேறுபாட்டையும் வைத்துக்கொண்டு அஞ்சவோ மகிழவோ அவசரப்பட வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

திருமணப் பேச்சுக்குத் தேவையானது இதுதான். பத்துப் பொருத்தங்களில் தினம், கணம், மாகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ரச்சு, வேதை ஆகிய ஏழும் நட்சத்திரத்தை வைத்தே பார்க்கப்படுபவை. எந்தப் பாதமானாலும் கார்த்திகை கார்த்திகைதான் என்பதால் அவை பெரும்பாலும் மாறுவதில்லை. ராசி, ராசி அதிபதி, வசியம் ஆகிய மூன்று மட்டுமே மாறும். தசையும், அதாவது ஒவ்வொரு கிரகத்துக்கும் உரியதாகக் கொள்ளும் வாழ்க்கைக் காலமும், நட்சத்திரத்தில் நிலவு கடந்த அளவைக் கொண்டே கணிக்கப்படுகிறது. கார்த்திகைக்குச் சூரிய தசை ஆறு ஆண்டுகள். முதல் பாதத்தின் முடிவுக்கும் இரண்டாம் பாதத்தின் தொடக்கத்துக்கும் அருகே பிறந்திருந்தால், இரு ஜாதகங்களிலும் தசை இருப்பு நாலரை ஆண்டை ஒட்டியே இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்து அந்த எண்ணைப் பாருங்கள். வேறுபாடு ஓராண்டுக்கு வெகுவாக மேற்பட்டிருந்தால், சிக்கல் பஞ்சாங்கத்தில் இல்லை. பிறந்த நேரத்தை இருவரில் ஒருவர் மாற்றி எழுதியிருக்கிறார் என்று பொருள். அப்போது மருத்துவமனை தந்த குறிப்பை எடுத்துச் சரிபார்ப்பதே முதல் வேலை.

அன்புடன்.